முகம் எழுதுகிறவர்

அவர் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்க எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பயம். போலீஸ்காரர் முன்னாலேயே வாய் கிழியப் பேசுகிறவர்கள்கூட, அவர் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் டீயை அவசரமாக ஊதிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ரவுடியெல்லாம் இல்லை. ஒல்லியான மனுஷன். கைலி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு மூங்கில் பேனா, விரல் நுனியெல்லாம் கறுப்பு. பார்த்தால், பாவம், கழன்ற சைக்கிள் செயினை மாட்டிவிட்டு வருகிறார் போல என்றுதான் தோன்றும். ஆனால் காது மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். நாம் எதை அதிகமாகச் சொல்கிறோமோ, அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு அதையே பெரிதும் சிறிதுமாக, நெருக்கியும் விலக்கியும் எழுதி எழுதி நம் முகத்தைக் கொண்டுவந்துவிடுவார். மூக்கும் எழுத்துதான், மீசையும் எழுத்துதான்.

நான் காரைக்காலில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாண போட்டோ, முஸ்லிம் வீடுகளுக்கு ஆயத்து, அதாவது குர்ஆன் வசனம், எழுதிய படம், எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டுவது என் தொழில். அவர் எழுதிய முகங்களுக்கும் நான்தான் சட்டம் போட்டேன். ஊரே அவரை நானா என்று கூப்பிடும். இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் கண்ணாடிக்காரி. பெரும்பாலும் நான் கண்ணாடிக்காரிதான். இப்போது அவர் ஊரில் இல்லை. பிரான்சிலிருக்கும் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே அவருக்குப் பாஷை தெரியாது, அதனால் அந்த ஊர் ஜனங்களுக்கு ஆபத்தில்லை.

அவர் வீடு கீழவாஞ்சூரில், துறைமுகத்திலிருந்து கரி லாரி போகிற ரோட்டை ஒட்டி. ஜன்னல் கட்டையில் தினமும் கரித்தூள் கறுப்பாகப் படியும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைத் துடைத்துத் துடைத்துத் திட்டுவார்கள். இவர் ஒரு கோழி இறகால் பதமாக வழித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பார். வீட்டு அம்மியில் அதைப் போட்டு வேலம் பிசினோடு அரைத்தால் மை தயார். அந்த அம்மியில் அப்புறம் தேங்காய் அரைத்தால் சட்னி என்ன நிறத்தில் வரும்? அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார்.

"கடையில மை விக்கிதே நானா, வாங்குனா என்ன?" என்று கேட்டேன்.

"வீடு தேடி வர்றத வேணாங்கக் கூடாதும்மா" என்றார்.

ஆயத்து எழுதித் தரச் சொல்லிப் பலர் வந்திருக்கிறார்கள். அரபு எழுத்தும் அவருக்கு அருமையாக வரும். ஆனால் எழுதித் தர மாட்டார். "அல்லாஹ் சொன்னத அழகா எழுத உலகம் பூரா ஆள் இருக்கு. உங்க மாமியார் சொன்னத எழுத நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்பார். வந்தவர்களுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாது. எனக்குத் தெரியும், சிரித்துவிடுவேன்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம். அந்த ஆள் வாயால் சொல்லாத ஒரு வார்த்தையையும் முகத்தில் எழுத மாட்டார். தலைகீழாக நின்றாலும் மாட்டார். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. தியாகம், உழைப்பு, சேவை என்ற மூன்று சொற்களால் தன் முகத்தை எழுதித் தர வேண்டும் என்று கார் அனுப்பிக் கூப்பிட்டார். நானா போனார். நாளெல்லாம் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு முறுக்கைத் தின்றார். வருகிறவன் போகிறவனிடமும், போனிலும், வேலைக்காரரிடமும் அந்த மனிதர் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்தார். விழாவன்று மேடையில் துணியை விலக்கினால், ஆளை அச்சாக உரித்து வைத்த மாதிரி முகம். நெற்றியிலிருந்து இரட்டைத் தாடை வரைக்கும் ஒரே வாக்கியம்: 'நான் யாருன்னு தெரியுமா?'

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் படித்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். பெரிய மனிதர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவர் வீட்டம்மா மட்டும் அந்தப் படத்தை மார்போடு அணைத்து உள்ளே கொண்டுபோய்ச் சமையலறையில், அடுப்புக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டார். "தாளிக்கிறப்பல்லாம் பாத்துச் சிரிச்சுக்குவேன்" என்று என்னிடம் சொன்னார். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாவை 'இப்பத்தான் கரைக்கு வந்துச்சு' என்று எழுதினார். விடியலில் சொல்வதும் அதுதான், வெயில் தாழ்ந்து மீன் கண் வெளுத்த பிறகு சொல்வதும் அதுதான். அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது. "மூக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா என் மேல வர்ற கவுச்சி இதுல வரலையே நானா" என்றது. கோபமே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர்களுக்கு அவரிடம் பயமில்லை என்று அப்போது புரிந்தது.

என் வீட்டுக்காரரையும் விடவில்லை. அவர் பி.டபிள்யூ.டி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் என்று ஒன்று இருப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான் என்று நினைக்கிற ஜாதி. நான் என்ன கேட்டாலும் 'ம்'. வீடு பற்றி எரிகிறது என்றாலும் 'ம்'. நானா அவரை முழுக்க முழுக்க 'ம்' என்றே எழுதினார். அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு அவர் காட்டிய வித்தையைச் சொல்லி மாளாது. கண்ணில் மணி, கன்னத்தில் அம்மைத் தழும்பு, மீசையில் நரை எல்லாம் அந்தப் புள்ளிதான். கல்யாணம் ஆனதிலிருந்து நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று ஊருக்கே காட்ட வேண்டும் என்று கடை வாசலுக்கு நேரே மாட்டி வைத்தேன். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒனக்கும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்" என்று நானா என்னை மிரட்டுவார். "'கண்ணாடி ஒடைஞ்சா நான் பொறுப்பில்ல.' கொண்டாரட்டா?"

"கொண்டு வந்தீங்கன்னா அத ஒங்க தலையிலயே மாட்டிடுவேன்" என்பேன்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான் நஸ்ரினைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நஸ்ரின் தலத்தெருப் பெண். படித்துவிட்டுப் பேங்கில் வேலை. அப்போது அவளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அவள் வாப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அங்கேயே மாரடைப்பில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். போனில் இருந்த அவருடைய சின்ன போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டுத்தான் கடைக்கு வந்தாள்.

இந்தப் பக்கம் பல முஸ்லிம் வீடுகளில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து தங்குவார். ஆகவே பெண் குழந்தை பிறந்த அன்றைக்கே வாப்பாவின் தலையில் ஒரு வீடும் ஏறிவிடும். நஸ்ரினுடைய வாப்பா அப்படிச் சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், இருந்துகொண்டே கட்டிய வீடு அது. அதில் ஒரு நாள்கூட அவர் படுத்ததில்லை.

"நிக்காஹ் அன்னிக்கு வாப்பா அந்த ஹால்ல இருக்கணும் ஆன்ட்டி. அவங்க வூடு அது" என்றாள். "ஆனா உம்மா போட்டோ மாட்ட வுட மாட்டேங்குறாங்க. வூட்டுல உருவம் மாட்டுனா மலக்கு வராதாம்." மலக்கு என்று அவர்கள் சொல்வது வானவர்களை.

நான் வாசலுக்கு எதிரே தொங்கிய என் வீட்டுக்காரரைக் காட்டினேன். "இது உருவமா, எழுத்தா? சொல்லு."

அவள் கிட்டே போனாள், பின்னால் வந்தாள், மறுபடி கிட்டே போனாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர்ட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அவள் உம்மா ஜுலைகா லேசில் மடியவில்லை. எழுத்தாலே எழுதினாலும் முகம் முகம்தான், பள்ளிவாசல் ஹஜ்ரத் சரி என்று சொல்லாமல் ஆணி அடிக்க விட மாட்டேன் என்று ஒரே பேச்சு. நானா அலட்டிக்கொள்ளவில்லை. நேரே போய் ஹஜ்ரத்தையே என் கடைக்கு அழைத்து வந்துவிட்டார். வயதான மனிதர், சாந்தமான முகம். என் வீட்டுக்காரரின் படத்துக்கு மூக்கு உரசுகிற தூரத்தில் போய் நின்றார்.

"எழுத்துதான் தெரியுது" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க ஹஜ்ரத்" என்றார் கூட வந்த ஜுலைகாவின் தம்பி.

"பின்னாடி இந்தம்மா கண்ணாடிய சாத்தி வச்சிருக்காங்க. நான் எங்க தள்ளி நிக்கிறது? எனக்குக் கிட்டத்துல பாக்குறதுக்குத்தான் கண்ணாடி போட்டுக் குடுத்திருக்கான் டாக்டர். எழுத்துதான். மாட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். படியிறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்து, "ஒங்க வூட்டுக்காரர் மீசைய கொஞ்சம் ஒதுக்கச் சொல்லும்மா, வாயில விழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அடக்கியிருக்க முடியாது.

அப்புறமும் ஜுலைகாவின் முகத்தில் தெளிவில்லை. சாக்கு ஒன்றுதான் போனது, பயம் போகவில்லை என்று எனக்குப் பட்டது. என்ன பயம் என்றுதான் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நானா தலத்தெரு வீட்டுக்கு வந்தார். நானும் போனேன். இறந்தவரை நானா நஸ்ரின் காட்டிய போட்டோவில்தான் பார்த்திருந்தார், பேசிக் கேட்டதில்லை. அதனால் அவர் பேச்சைக் கேட்டவர்களைக் கேட்க வேண்டும். ஹாலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்நிய ஆண் என்பதால் ஜுலைகா உள்ளறை வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். திரைக்குக் கீழே அவர் கால் மட்டும் தெரிந்தது.

"மச்சான் ரொம்ப நல்ல மனுசன்" என்று ஆரம்பித்தார் தம்பிக்காரர்.

"நல்ல மனுசன் என்ன சொல்லுவாரு?"

"தங்கமான மனுசன் நானா!"

"தங்கம் பேசாது தம்பி. அவர் வாயத் தெறந்தா என்ன சொல்லுவாரு? அத சொல்லுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வாசனைத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார், டார்ச் லைட் கொண்டுவந்து கொடுத்தார் என்று சாமான்கள்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நானா பேனாவால் காதைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நஸ்ரினுக்குப் பொறுக்கவில்லை. "'நல்லா படிக்கிறியாம்மா'ன்னு கேப்பாங்க" என்றாள்.

"எல்லா வாப்பாவும் அதத்தான் கேக்குறான். அத எழுதுனா எல்லா வாப்பா முகமும்தான் வரும்."

"அப்ப 'என் உசுரே'ன்னு எழுதுங்க."

"சொல்லியிருக்காரா?"

"சொன்னதில்ல. மனசுல இருந்திருக்கும்ல?"

"மனசுல இருக்கிறத எழுத நான் மலக்காம்மா? எனக்குக் காதுல வுழுந்ததுதான்."

நஸ்ரின் எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. "செத்துப் போன மனுசருக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதக் கூடாதா? கல்லா நீங்க?" என்று கத்தினாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நானா, ஒரே ஒரு தடவ வளைஞ்சு குடுத்தா உங்க முதுகு ஒடைஞ்சிடாது" என்றேன். அவர் என்னைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. திரைக்குக் கீழே இருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"'சரி'ன்னு எழுதுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அத தவிர அவங்க வேற எதுவும் சொன்னதில்ல. மாடிப்படிய உள்பக்கமா வைக்கணும்னேன், சரின்னாங்க. கொத்தனார மாத்தணும்னேன், சரின்னாங்க. தரைக்கு டைல்ஸ்தான் வேணும்னேன், அதுக்கும் சரிதான். போன்ல பேசுறதெல்லாம் நான்தான். அந்தப் பக்கம் சரி, சரி, சரி." மூச்சு வாங்கியது. "கடைசி வருசம் லீவு கெடைச்சிருக்கு, வரட்டான்னு கேட்டாங்க. டிக்கெட்டுக்கு அழுவுற காச மேல்தளத்துக்கு அனுப்புங்க, தளம் போட்ட பொறவு வந்தா போதும்னு நான்தான் சொன்னேன். அதுக்கும் சரின்னாங்க. தளம் போட்டாச்சு. அவங்க மௌத்தான சேதிதான் வந்துச்சு. நான் வர வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா இந்த வூட்டுல வந்து என் கண்ணு முன்னாலயாவது போயிருப்பாங்க."

இந்தக் கதையை நஸ்ரின் அதுவரை கேட்டதில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. வாப்பாவுக்கு லீவே கிடைக்கவில்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருக்கிறாள்.

"வர்றேன்னு கேட்டாங்களா?" என்றாள். "நீங்க வேணாம்னு சொன்னீங்களா உம்மா?"

நஸ்ரின் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜுலைகா எதற்குப் பயந்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. அந்த முகத்தை எந்த வார்த்தையால் எழுத வேண்டியிருக்கும் என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. உருவம், மலக்கு என்று சொன்னதெல்லாம் மகள் தன்னை விட்டுப் போய்விடக் கூடாதே என்பதற்காக.

வெளியே வந்ததும் நானாவைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா இருந்த வூட்ல கொள்ளிய வச்சுட்டு வந்துட்டீங்க. திருப்தியா?"

"நான் எங்க வச்சேன்? நான் ஒரு வார்த்தை பேசலையே."

"அதான், பேசாமயே வச்சுட்டீங்க!"

நடந்து போகும்போது அவர் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனார். மனிதர் கலங்கித்தான் போயிருந்தார்.

அதற்குப் பிறகு கல்யாண வேலைகள் நடந்தன. பெண்ணும் தாயும் பேசிக்கொள்ளவில்லை என்று தம்பிக்காரர் வந்து புலம்பினார். ஜவுளி எடுக்கப் போனால் ஒருத்தி கடையின் இந்த மூலையில், ஒருத்தி அந்த மூலையில். நடுவில் இவர் இரண்டு பக்கமும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். "வாப்பா வர்றேன்னு கேட்டத மறைச்சவங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு" என்று நஸ்ரின் சொல்லிவிட்டாளாம். நிக்காஹ் ஆகி அதே வீட்டில், அதே உம்மாவோடுதான் அவள் காலம் தள்ள வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ஊமைகள்.

நிக்காஹுக்கு முதல் நாள் நானா படத்தைக் கொண்டு வந்தார். பேப்பர் சுருளை மேஜை மேல் விரித்ததும் நான் வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்துப் போவது அபூர்வம். தலைமுடி முழுக்க எறும்புச் சாரி போல நெருக்கி எழுதிய 'சரி'. கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக 'சரி'. 'ரி'யின் மேல் வளைவை நீட்டிப் புருவமாக்கியிருந்தார். களைத்துப்போய் வேலையிலிருந்து வந்து போனை எடுத்த மனிதனின் கண். அசல் அந்தச் சின்ன போட்டோவில் இருந்த ஆள்தான்.

ஆனால் வாய் இல்லை. மூக்குக்குக் கீழே வெறும் காகிதம்.

"நானா, வாய் எங்க?"

"'சரி'ன்னு எழுதிப் பாத்தேன். ஒட்டல. கிழிச்சுட்டு மறுபடி எழுதுனேன், அதுவும் ஒட்டல."

"அதுக்கு? கல்யாண வூட்ல வாயில்லாத வாப்பாவ மாட்டப் போறீங்களா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"எனக்கு வரல தங்கச்சி" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "வராதத வந்த மாதிரி எழுத முடியாது. நீ சட்டத்தப் போடு. பின்னாடி ஆணிய மட்டும் இறுக்காத."

மறுநாள் காலையில் படத்தை எடுத்துக்கொண்டு தலத்தெருவுக்குப் போனேன். ஆண்கள் எல்லாரும் நிக்காஹுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார்கள். நானா மட்டும் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். கால் வலி என்றார். பொய். ஹால் பூராவும் பெண்கள். படத்தை மாட்டியதும் ஒவ்வொருத்தியாகக் கிட்டே வந்து படித்தார்கள், தள்ளிப் போய்ப் பார்த்தார்கள். "அல்லாவே, அவங்கதான்!" என்றார் ஒரு அம்மா. அடுத்த நிமிஷமே, "வாய் எங்கடி?" என்று முணுமுணுப்பு கிளம்பியது. மருதாணிக் கையோடு, தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த நஸ்ரின் படத்தைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது. தன் வாப்பாவை அரைகுறையாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்களே என்று நினைத்திருப்பாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது ஜுலைகா உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். நேரே ஹாலைக் கடந்து வாசலுக்குப் போனார். "நானா, உள்ள வாங்க" என்றார். நானா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"பேனாவக் குடுங்க."

நானாவின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது. அந்தப் பேனாவை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பெற்ற மகன் கேட்டே கொடுத்ததில்லை.

"என்ன எழுதப் போறீங்க?"

"அவங்க வரட்டான்னு கேட்டப்ப நான் சொல்லியிருக்க வேண்டியத" என்றார் ஜுலைகா. எல்லாப் பெண்களும் கேட்கும்படிதான் சொன்னார்.

சொல்லாத வார்த்தை. கார் அனுப்பிக் கூப்பிட்ட பெரிய மனிதருக்கே அவர் எழுதாதது. ஒரு கணம் நானா அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, கைலி முனையில் துடைத்து, மடியிலிருந்த மைப்புட்டியைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் படத்தை இறக்கிப் பின்புறத் தகட்டை விலக்கிக் கண்ணாடியைக் கழற்றினேன். தரையில் விரித்த ஜமுக்காளத்தின் மேல் படத்தை வைத்தோம். ஜுலைகா குனிந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்தக் கை வேறெதுவும் எழுதியிருக்காது. மூக்குக்குக் கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், மெதுவாக, ஒரே வார்த்தை எழுதினார்.

வாங்க.

வரி ஒரு பக்கம் ஏறிக்கொண்டுவிட்டது. 'வா' பெரிதாகவும் 'ங்க' சின்னதாகவும் போய்விட்டது. ஜுலைகா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கொலுசுச் சத்தம் கேட்டது. நஸ்ரின் எழுந்து வந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருதாணி இன்னும் ஈரம் என்பதால் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, தோளால் உம்மாவை முட்டினாள்.

"உம்மா" என்றாள். "வாப்பாக்குச் சிரிச்சா வாய் இப்படித்தாம்மா ஒரு பக்கமா ஏறும்."

அழுதால் கண்ணாடியைக் கீழே போட்டுவிடுவேன் என்று பயந்து, பழக்கதோஷத்தில் நானாவின் காதோரம் குனிந்து குத்திக் கேட்டேன். "நானா, இது அந்த மனுசர் சொன்ன வார்த்தை இல்லையே. எப்படி வுட்டீங்க?"

"வாய மூடு கண்ணாடிக்காரி" என்றார் நானா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மை காயட்டும். அப்புறம் கண்ணாடி போடு."